‘சிரிக்காமல் இருக்க முடியவில்லை’: தன்னடக்கத் தொடர்களும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும் – சந்திரகிரி வட்டார மொழிச்சூழலை முன்வைத்து

முன்னுரை

பிறமொழி ஒன்றைக் கற்பவர் முதலில் இடறுவது பெயர்ச்சொற்களில் அன்று, வினைத்தொடர்களிலேயே ஆகும். மரம், வீடு, ஆறு போன்ற சொற்களுக்கு நிகர்ச்சொல் எளிதில் கிடைத்துவிடுகிறது. மனத்தின் அசைவைக் குறிக்கும் வினைத்தொடர்களுக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. சினம், சிரிப்பு, அழுகை ஆகியவற்றை ஒருவர் வெளிப்படாமல் நிறுத்திக்கொள்வதை ஆங்கிலம் ‘ஹோல்ட் பேக்’, ‘கீப் ஃபிரம்’, ‘ரிஃப்ரெயின் ஃபிரம்’, ‘கான்ட் ஹெல்ப்’ எனப் பல தொடர்களால் சுட்டுகிறது. இவற்றைத் தமிழ் மாணவர் கற்கும் முறையும், இவை தமிழ் உரைநடைக்குள் மொழிபெயர்ப்பு வழியாகப் புகுந்துள்ள முறையும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. ஒப்பீட்டிற்குத் தெலுங்கும் கொரிய மொழியும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

கொரிய மொழி இங்கு எவ்வாறு வந்தது என்ற வினா எழலாம். சந்திரகிரி வட்டாரத்தின் இன்றைய சூழலே அதற்கு விடையாகும். திருப்பதிக்கு அருகில் சுவர்ணமுகி ஆற்றுப் பகுதியில் அமைந்த இவ்வூர் 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கியுள்ளது. தெலுங்கு ஆட்சிமொழியாக விளங்க, எல்லைப்புற வட்டங்களில் தமிழும் வீட்டுமொழியாக வழங்குகிறது. விசயநகர அரசின் பிற்காலத் தலைநகரங்களாகப் பெனுகொண்டாவும் சந்திரகிரியும் அடுத்தடுத்து விளங்கின. அந்தப் பெனுகொண்டாவிற்கு அருகில் 2019இல் கியா நிறுவனம் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1998இல், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையின் மகிழுந்துகள் விற்பனைக்கு வந்துவிட்டன. திருப்பதி மாவட்டத்துச் சிறீசிட்டியில் எல்ஜி நிறுவனத்தின் ஆலைக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. தமிழரும் தெலுங்கரும் கொரியரும் ஓர் ஆலையில் சந்திக்கும்போது அவர்களுக்கிடையே நிற்கும் பொதுமொழி ஆங்கிலமே. அந்த ஆங்கிலம் ஒவ்வொருவருக்கும் கற்றுப் பெற்ற மொழி. ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியின் அமைப்பை அதனுள் சுமந்து வருகின்றனர்.

ஆங்கிலம் இந்நிலத்திற்கு வந்த வரலாற்றிலும் சந்திரகிரிக்குப் பங்குண்டு. 1639இல் சென்னைக் கடற்கரையில் ஆங்கிலக் கும்பினியார்க்கு இடமளித்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், சந்திரகிரி அரசர்க்குக் கீழ்ப்பட்டவராவார். ஆனால் கோட்டைக்குள் நிற்கும் இராசமகாலைப் பார்க்க வருவோர் அக்கொடையைப் பற்றிப் பேசுமளவிற்கு, அக்கொடையைத் தொடர்ந்து வந்த மொழியைப் பற்றிப் பேசுவதில்லை.

அடக்கமுடைமையும் ‘தன்’ என்னும் சொல்லும்

திருக்குறளின் 13ஆம் அதிகாரமாகிய அடக்கமுடைமைக்கு ஜி.யு. போப் தம் 1886ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் ‘செல்ஃப் ரெஸ்ட்ரெயின்ட்’ என்னும் தொடரை ஆண்டார். தன்னைத் தான் தடுத்து நிறுத்துதல் என்பது அதன் பொருள். தமிழ்த் தலைப்பிலோ ‘தன்’ என்னும் சொல் இல்லை. இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றினும் ஆராயத்தக்கது.

அடக்கம் என்னும் பெயர் அடங்கு, அடக்கு ஆகிய இரு வினைகளோடும் பொருந்தி நிற்பது. தயங்கு என்பதிலிருந்து தயக்கமும் நெருங்கு என்பதிலிருந்து நெருக்கமும் பிறப்பது போல, அடங்கு என்னும் தன்வினையிலிருந்தே அது பிறத்தல் கூடும். அவ்வாறு கொள்ளின், அங்கு ஒருவர் மற்றொன்றைப் பிடித்து நிறுத்தவில்லை. அவரே தணிந்து நிற்கிறார். அவ்வதிகாரத்திலேயே தன்வினை வடிவமும் பிறவினை வடிவமும் பயின்று வருகின்றன. பிறவினையாக வருமிடத்து அடக்கப்படுவது ஐம்பொறி. காக்கப்படுவன நாவும் சினமும். ‘தான்’ என்னும் ஒன்று அங்குச் செயப்படுபொருளாக நிற்கவில்லை.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். வெகுளாமை அதிகாரத்தில் தன்னைத் தான் காத்துக்கொள்ள விரும்புவோர் சினத்தைக் காக்க வேண்டும் என்னும் கருத்து வருகின்றதே என்பது அம்மறுப்பு. உண்மையே. ஆயின் அங்கும் ‘தன்னை’ என்பது பயனைக் குறிக்கிறது. தடுத்து நிறுத்தப்படுவது சினமே. தன்னைக் காத்தலும் தன்னைத் தடுத்தலும் ஒன்றல்ல. முன்னது தன்னை மதிப்புடைய பொருளாகக் கொள்வது. பின்னது தன்னைக் கட்டுக்கடங்காத விலங்காகக் கொள்வது. ஆங்கிலத்தின் ‘ரிஃப்ரெயின்’ என்னும் சொல் கடிவாளத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது என்பது இவ்விடத்து எண்ணத்தக்கது.

போப்பைக் குறைகூறுவதற்காக இது கூறப்படவில்லை. அவர்க்கு முன் 1840இல் குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்த துரூ முதலியோர்க்கும் ஆங்கிலத்தில் வேறு வழி எளிதில் கிடைத்திராது. சிக்கல் திரும்பி வரும் பயணத்தில்தான் நேர்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் நாவல், செய்தி, திரைப்பட உரையாடல் ஆகியவற்றில் ‘தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாமல்’ என்னும் தொடர் ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே நிலைத்துவிட்டது. கட்டுப்படுத்த முடியாமற்போனது சிரிப்பா, அழுகையா, கையா, வாயா என்பது அத்தொடரில் மறைந்துவிடுகிறது. ‘வாயைக் கட்டு’, ‘கையை அடக்கு’, ‘அழுகையை விழுங்கு’ என உறுப்பையோ உணர்ச்சியையோ பெயர் சொல்லிச் சுட்டிய ஒரு மொழி, எல்லாவற்றையும் ‘தன்னை’ என்னும் ஒரு சொல்லில் போட்டு மூடப் பழகிவருகிறது. இதனை வளர்ச்சி எனக் கொள்வதற்கில்லை.

எதிர்மறையும் இருத்தலும்

திருக்குறள் அறத்துப்பாலின் அதிகாரத் தலைப்புகளை நோக்கினால் மற்றோர் உண்மை புலப்படும். பிறனில் விழையாமை, அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை என ஒன்பது தலைப்புகள் எதிர்மறைத் தொழிற்பெயர்களாக அமைந்துள்ளன. தன்னடக்கம் என்பதற்குத் தனிவினை ஒன்றைத் தேடாமல், செய்யத்தகாததன் எதிர்மறையையே ஒரு நிலையாக, ஓர் உடைமையாகத் தமிழ் ஆக்கிக்கொண்டுள்ளது. ஆயினும் பொருட்பாலில் வரும் கல்லாமை என்பதும் அதே வடிவினதே. அது அடக்கம் அன்று, குறை. எனவே ‘ஆமை’ ஈறு மட்டும் தன்னடக்கத்தை உணர்த்திவிடாது என்பதும், செய்யும் ஆற்றலும் விருப்பமும் இருந்தும் செய்யாமை என்பது சூழலால் பெறப்படுவது என்பதும் தெளிவாகும்.

இக்காலத் தமிழ் இவ்விடைவெளியை ‘இரு’ என்னும் வினையைக் கொண்டு ஓரளவு நிரப்பியுள்ளது. ‘அவன் சிரிக்கவில்லை’ என்பது ஒரு நிகழ்ச்சி இல்லாமையைக் கூறுவது. ‘அவன் சிரிக்காமல் இருந்தான்’ என்பது அவ்வில்லாமையில் அவன் சற்று நேரம் தங்கியதைக் கூறுவது. சிரிப்பு வராதவனைப் பற்றி முதல் தொடரைக் கூறலாம்; வந்த சிரிப்பை நிறுத்தியவனைப் பற்றி இரண்டாவதே பொருந்தும். ‘கீப் ஃபிரம் லாஃபிங்’ என்னும் ஆங்கிலத் தொடருக்கு மிக நெருங்கிய தமிழ் வடிவம் இதுவே. பள்ளிக் கையேடுகள் சிலவற்றில் அத்தொடருக்கு ‘சிரிப்பிலிருந்து தன்னை வைத்துக்கொள்’ என்பது போன்ற விளக்கங்கள் தரப்படுவதுண்டு. மாணவர் நாவில் அன்றாடம் வழங்கும் வடிவத்தைக் கையேடு ஆக்கியோர் கவனிக்கத் தவறினர் என்றே கூறவேண்டும்.

‘கான்ட் ஹெல்ப்’ என்பதில் சிக்கல் இன்னும் மிகுதி. ‘ஹெல்ப்’ என்றால் உதவி என்று கற்ற மாணவர்க்கு, அதே சொல் தவிர்த்தல், தடுத்தல் என்னும் பொருளில் வருவது விளங்குவதில்லை. விருந்தில் ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ எனின் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது பொருள். ‘அவன் தன்னை ஹெல்ப் செய்துகொள்ள முடியவில்லை’ எனும் அமைப்பிலோ தடுத்துக்கொள்ள இயலாமையே பொருள். முன்னது கட்டை அவிழ்ப்பது. பின்னது கட்டு நில்லாமையைக் கூறுவது. சொல்லுக்குச் சொல் அகராதி பார்ப்பவர் ‘தனக்குத் தானே உதவிக்கொள்ள முடியவில்லை’ என்று எழுதுவதில் வியப்பில்லை. வெளியான மொழிபெயர்ப்புகளிலும் இவ்வகைத் தொடர்கள் தென்படுகின்றன.

இதற்குத் தமிழ் தரும் தொடர் ‘சிரிக்காமல் இருக்க முடியவில்லை’ என்பதாகும். இரண்டு எதிர்மறைகள் கூடி உடன்பாட்டுப் பொருள் தருதலை உரையாசிரியர்கள் சுட்டுவதுண்டு. எனினும் இத்தொடரின் பொருள் ‘சிரித்தேன்’ என்பதோடு முடிவதில்லை. அடக்க முயன்றதும், முயற்சி தோற்றதும், அதன்பின் சிரிப்பு வந்ததும் ஆகிய மூன்றும் இதனுள் அடங்கியுள்ளன. உடன்பாடாக மாற்றி எழுதும்போது முதலிரண்டும் உதிர்ந்துவிடுகின்றன.

சந்திரகிரி வட்டாரத்து இருமொழியாளர் இதே கருத்தைத் தெலுங்கில் ‘நவ்வகுண்டா உண்டலேகபோயானு’ என்பர். நவ்வகுண்டா என்பது சிரிக்காமல். உண்டு என்பது இரு. லேக என்பது இயலாமை. உறுப்புக்கு உறுப்பு தமிழோடு பொருந்திய அமைப்பு இது. ‘நவ்வு ஆபுகோலேகபோயானு’ என்னும் மற்றொரு வடிவமும் தெலுங்கில் பெருவழக்காகும். ‘சிரிப்பை அடக்கிக்கொள்ள முடியவில்லை’ என்பதற்கு அது நிகர். இங்குத் தெலுங்கின் ‘கொனு’வும் தமிழின் ‘கொள்’ளும் ஒரே பணியைச் செய்கின்றன. ஆங்கிலம் ‘செல்ஃப்’ என்று தனிச்சொல்லால் கூறுவதை இவ்விரு மொழிகளும் துணைவினையால் கூறிவிடுகின்றன. ஆகவே ‘தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்’ என்னும் தொடரில் ‘தன்னை’யும் ‘கொள்’ளும் ஒருங்கே வருவது ஒரு பொருளை இருமுறை கூறுவதாகும். ஏ.எச். ஆர்டன் 1873இல் தெலுங்கிற்கும் 1891இல் பொதுவழக்குத் தமிழுக்கும் இலக்கண நூல்கள் எழுதினார். இரு மொழிகளையும் அயலவர்க்குக் கற்பிக்க முனைந்த ஒருவர் கண்ட பயன், அவ்விரு மொழிகளையும் பிறப்பிலேயே பெற்ற இவ்வட்டாரத்து மாணவர்க்கு ஆங்கில வகுப்பில் கிட்டுவதில்லை. தமிழ் ஒரு வகுப்பிலும் தெலுங்கு ஒரு வகுப்பிலும் ஆங்கிலம் மற்றொரு வகுப்பிலுமாகப் பிரிந்து நிற்கின்றன.

கொரிய மொழி தரும் ஒளி

கொரிய மொழியில் ‘அடக்கு’ என்பதற்கு நெருங்கிய வினை ‘சாம்தா’ என்பதாகும். சிரிப்பைச் சாம்தா, சினத்தைச் சாம்தா, கண்ணீரைச் சாம்தா என உணர்ச்சியே செயப்படுபொருளாக வரும். கண்ணீருக்குக் கொரியர் வழங்கும் ‘நுன்முல்’ என்பதும் கண், நீர் என்னும் இரு சொற்கள் கூடியதே. இத்தகைய தாய்மொழிப் பழக்கத்தோடு ஆங்கிலம் கற்கும் கொரியர்க்கு, ‘ஹோல்ட்’ என்னும் வினையைவிட அதனோடு ஒட்டி வரும் ‘பேக்’ என்னும் இடைச்சொல்லே புதிராகிறது. தமிழர்க்கும் அதே இடர்ப்பாடு உண்டு. ‘பேக்’ என்பதைப் ‘பின்’ எனக் கொண்டு ‘பின்வாங்கு’ என மொழிபெயர்த்தால் பொருள் திரிந்துவிடும். கண்ணீரை ஹோல்ட் பேக் செய்வது அடக்குதல். செய்தியை அவ்வாறு செய்வது மறைத்தல். பேச வந்தவர் அவ்வாறு செய்வது தயங்குதல். மாணவரை அடுத்த வகுப்பிற்கு விடாமல் அவ்வாறு செய்வது நிறுத்திவைத்தல். ஆங்கிலத்தில் ஒன்றாக நிற்பதைத் தமிழ் நான்கு வினைகளாகப் பிரித்துக் காண்கிறது.

‘கான்ட் ஹெல்ப்’ என்பதற்குக் கொரியப் பாடநூல்கள் தொன்றுதொட்டு ஒரு வாய்பாட்டைத் தருகின்றன. ‘-ஜி அனுல் சு ஒப்தா’ என்பது அது. செய்யாதிருக்கும் வழி இல்லை என்பது அதன் சொற்பொருள். ‘சு’ என்பது வழி, வகை. ‘ஒப்தா’ என்பது இல்லை. ‘சிரிக்காமல் இருக்க வழியில்லை’ என்னும் தமிழோடு இது எவ்வளவு நெருங்குகிறது என்பது வெளிப்படை. ‘ஹெல்ப்’ என்னும் சொல்லின் பொருளை ஆராய்ந்து மயங்காமல், தொடர் முழுவதையும் தம் மொழியின் தொடர் முழுவதற்கும் நேராக வைத்துக் கொரிய மாணவர் கற்கின்றனர். மனப்பாட முறை என்று அதனை எள்ளுவோர் உண்டு. எனினும் தனிச்சொல்லைத் தனிச்சொல்லால் பெயர்க்கும் முறையைவிட அது பிழை குறைந்தது.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டவுடன் இனத்தொடர்பு பேசும் ஆர்வம் தோன்றுவது இயல்பே. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905இல் சியோலில் வெளியிட்ட நூலில் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டார். திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு இணைத்துக் கண்ட கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்திற்கு அரை நூற்றாண்டு பின்னர் எழுந்த முயற்சி அது. 1984இல் மார்கன் கிளிப்பிங்கர் சொல்லொப்புமைகளைக் கொண்டு அக்கருத்தை மீண்டும் முன்வைத்தார். மொழியியலார் பெரும்பாலோர் இவ்வுறவை ஏற்கவில்லை. ‘அப்பா’, ‘அம்மா’ போன்ற சொற்களைப் பட்டியலிட்டு மகிழ்வது ஆய்வாகாது; குழந்தைமொழிச் சொற்கள் உலகின் பல மொழிகளில் ஒத்து ஒலிப்பவை.

ஒற்றுமையை விடவும் வேற்றுமையே கற்பித்தலுக்குப் பெரிதும் பயன்படும். கொரிய எதிர்மறையாகிய ‘-ஜி அன்தா’வில் உள்ள துணைவினை ‘செய்யாமை’யைக் குறிப்பது, தமிழில் உள்ளது ‘இருத்தல்’. கொரியர் நிலையைக் குறிக்க வேண்டும்போது ‘-ஜி அன்கோ இத்தா’ என ‘இரு’வைத் தனியே சேர்க்கின்றனர். மேலும், உயர்வழக்கில் அவர்கள் ‘ஜாஜெ’ என்னும் சீனவழிச் சொல்லை ஆள்வர். தன் எனவும் அடக்கு எனவும் பொருள்படும் இரு சீன எழுத்துகளால் ஆனது அது. தெலுங்கில் ஆத்மநிக்ரகம் என்னும் வடசொல்லும் தமிழில் சுயகட்டுப்பாடு என்னும் கலப்புச்சொல்லும் அவ்வாறே எழுத்து வழக்கிற்குரியவை. மூன்று மொழிகளிலும் ‘தன்’ என்பது வீட்டுப் பேச்சில் இல்லாமல், கற்றோர் வழக்கில், கடன்பெற்ற ஆக்கமாகவே நுழைந்திருப்பது தற்செயலன்று. தமிழில் தன்னடக்கம் என்னும் தூய வடிவமும் உண்டே எனின், அது பெரும்பாலும் பணிவு என்னும் பொருளில் வழங்குகிறது. ‘தன்னடக்கம் மிக்க அறிஞர்’ என்னும்போது அவர் எதையோ அடக்கிக்கொண்டிருக்கிறார் என எவரும் பொருள்கொள்வதில்லை.

பொறுத்தலும் அடக்குதலும்

கொரிய ‘சாம்தா’வில் மற்றொரு கூறும் உண்டு. வலியைத் தாங்குவதும் அதே வினைதான். தமிழின் ‘பொறு’ என்பதும் அத்தகையது. நோயைப் பொறுத்தல், பிழையைப் பொறுத்தல், சற்றுப் பொறுத்தல், கை ஓங்காமல் பொறுத்தல் ஆகிய அனைத்திற்கும் வினை ஒன்றே. துன்பத்தைத் தாங்குபவரும் தன் கையைத் தடுப்பவரும் ஒரே செயலைச் செய்கின்றனர் என்பது இவ்விரு மொழிகளின் பார்வை. ஆங்கிலம் இவற்றை ‘பேர்’ எனவும் ‘ரெஸ்ட்ரெயின்’ எனவும் பிரித்துவிடுகிறது.

வகுப்பறையில் மதிப்பெண் இழப்போடு முடிந்துவிடும் இவ்வேறுபாடு, நீதிமன்றத்தில் அவ்வாறு முடிவதில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 300ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கில், கடுமையான திடீர்ச் சினமூட்டலால் ‘செல்ஃப் கண்ட்ரோல்’ ஆற்றலை இழந்த நிலையில் செய்த உயிர்ப்பறிப்பு கொலைக்குற்றமாகாது எனக் கூறியது. அதற்கு வரையறைகளும் விதித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவிலும் அத்தொடர் தொடர்கிறது. 1961இல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தொடரை விரிவாக ஆராய்ந்து, குற்றஞ்சாட்டப்பட்டவர் சார்ந்த சமூகத்தைச் சேர்ந்த, பகுத்தறிவுடைய ஒருவர் அந்நிலையில் தன் கட்டுப்பாட்டை இழந்திருப்பாரா என்பதை அளவுகோலாகக் கொண்டது. சினம் தணியக் கால இடைவெளி இருந்ததா என்பதையும் நோக்கியது.

எல்லைப்புற வட்டத்துத் தமிழர் ஒருவர் ‘அவன் பேசியதைப் பொறுக்க முடியவில்லை’ எனச் சாட்சியம் கூறுவதாகக் கொள்வோம். அது ‘தாங்க முடியவில்லை’ எனப் பெயர்க்கப்பட்டால், அவர் துன்புற்றார் என்பது மட்டுமே பதிவாகும். ‘தன்னைத் தடுத்துக்கொள்ள முடியவில்லை’ எனப் பெயர்க்கப்பட்டால், சட்டத்தின் தொடரை அவரே மொழிந்தது போலாகிவிடும். முதலாவது அவர்க்குக் கிடைக்கக்கூடிய விதிவிலக்கைப் பறிக்கலாம். இரண்டாவது அவர் கூறாத ஒன்றை அவர் வாயில் வைக்கலாம். அவர் கூறியதோ இரண்டையும் பிரிக்காத ஒரு சொல்.

ஆங்கிலப் பதிவுக்கு முன்னர் இடையே தெலுங்கு நிற்பதும் உண்டு. தெலுங்கு இவ்விடத்தில் தமிழோடு முழுமையாக ஒத்துப்போவதில்லை. தாங்குதலுக்கு ‘ஓர்ச்சுகொனு’ என்றும், தடுத்து நிறுத்துதலுக்கு ‘ஆபுகொனு’ என்றும் இரு வினைகள் அங்கு உள்ளன. ஆகவே மொழிபெயர்ப்பாளர் ‘ஓர்ச்சுகோலேகபோயானு’, ‘ஆபுகோலேகபோயானு’ ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும். தெரிவு நிகழ்ந்தது பதிவில் தெரியாது. சாட்சி சந்திரகிரியைப் போன்ற இருமொழிச் சூழலில் வளர்ந்தவராயின், தம் சொல் எவ்வாறு மாற்றப்பட்டது என்பதை அவ்விடத்திலேயே கேட்டு மறுக்க இயலும். தமிழ் மட்டும் அறிந்தவராயின், வாசித்துக் காட்டப்படும் வாக்கியத்தின் கீழ்க் கையொப்பமிடுவார்.